ஒரே சுவர், ஒரே கல்லா

அமெரிக்காவில் 'ரீட்டெய்ல் கிளினிக்' என்று ஒரு சங்கதி இருக்கிறது. சூப்பர் மார்க்கெட்டுக்குள்ளேயோ பெரிய மருந்துக்கடைக்குள்ளேயோ ஒரு சின்ன அறை. முன்பதிவு வேண்டாம். நேராக உள்ளே போய் சளிக்கோ தொண்டை வலிக்கோ பார்த்துக்கொண்டு, போகிற வழியில் பாலும் சோப்பும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். இது இந்தியாவுக்கு எப்போது வரும் என்று கேட்டு அவ்வப்போது கட்டுரைகள் வருகின்றன. படித்தால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் செல்லூர், ஜெய்ஹிந்துபுரம், வில்லாபுரம் என்று மதுரையில் எந்தப் பக்கம் நடந்தாலும் அது கண்ணில் படும். முன்னால் மெடிக்கல், பின்னால் ஒரு தடுப்பு அல்லது பச்சைத் திரை, அதற்குள் ஒரு மேஜை, ஒரு ஸ்டெதஸ்கோப். வாசலில் 'டாக்டர் பார்க்கும் நேரம் மாலை 6 முதல் 9 வரை' என்று ஒரு பலகை. மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கம் போனால் பஸ் ஸ்டாண்டைச் சுற்றியே இப்படி இருக்கும்.

ஆக, வருமா என்ற கேள்விக்கு அர்த்தம் இல்லை. வந்து ரொம்ப நாளாச்சு. எப்படி வளர்ந்தது, இனி எங்கே போகும், அதில் நமக்கு என்ன நஷ்டம் என்பதுதான் பார்க்க வேண்டியது. நான் டாக்டர் இல்லை, மருந்தாளுநரும் இல்லை. சாஃப்ட்வேர் வேலை பார்க்கிறவன். ஒரு அமைப்பைப் பார்த்தால் அதில் காசு எந்தப் பக்கம் ஓடுகிறது, தகவல் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கோடு போட்டுப் பார்க்கிற பழக்கம் தொழிலோடு வந்தது. அந்தக் கோடுகளைத்தான் இங்கே போட்டுப் பார்க்கிறேன்.

முதலில் அமெரிக்கக் கதை

2000-ஆம் ஆண்டு மின்னியாபொலிஸ் பகுதியில் 'கப் ஃபுட்ஸ்' என்ற மளிகை அங்காடிகளுக்குள் 'குவிக்மெட்எக்ஸ்' என்ற பெயரில் சின்ன அறைகள் திறக்கப்பட்டன. ஒரு வார இறுதியில் தொண்டை வலியோடு இருந்த மகனைக் கூட்டிக்கொண்டு போய் இரண்டு மணி நேரம் காத்துக் கிடந்த ஒரு அப்பாவின் எரிச்சலில் பிறந்த யோசனை இது. அங்கே உட்கார்ந்தது டாக்டர் கூட இல்லை. கூடுதல் பயிற்சி பெற்ற நர்ஸ். பார்க்கிற நோய்களும் விலையும் பலகையில் எழுதி வைக்கப்பட்டிருந்தன. பின்னாளில் இது 'மினிட்கிளினிக்' ஆனது. 2006-இல் சி.வி.எஸ். என்ற மருந்துக்கடை நிறுவனம் அதை வாங்கி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட கடைகளுக்குள் கொண்டுபோனது.

தரம் மோசமா என்றால், பெரிய குறை சொல்ல முடியாது. தொண்டை வலி, காது வலி, சிறுநீர்த் தொற்று மாதிரியான விஷயங்களில் டாக்டரிடம் போவதற்கு ஈடாகத்தான் இருந்தது, செலவும் குறைவு என்று 2009-இல் வந்த ஆய்வு சொன்னது. ஆனால் 2016-இல் வேறொரு ஆய்வு வந்தது. இந்த அறைகளுக்கு வந்தவர்களில் 58 சதவீதம் பேர், அறை இல்லாதிருந்தால் எங்கேயும் போயிருக்கவே மாட்டார்கள் என்றது அது. கஷாயத்தோடு சரியாகிற சளிக்கும் சேர்த்து வந்திருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் செலவு குறைவு, ஆனால் முறைகள் கூடிப்போனதால் ஆள் ஒருவருக்கு வருஷத்துக்கு 14 டாலர் மொத்தச் செலவு ஏறியது.

பிறகு பெரிய நிறுவனங்கள் பெரிசாக இறங்கின. வால்மார்ட் 2019-இல் ஜார்ஜியாவில் ஆரம்பித்து, எக்ஸ்ரே, பல், கண் என்று முழு மருத்துவ மையங்களையே கடைக்குப் பக்கத்தில் வைத்தது. 2024 ஏப்ரல் கடைசியில், ஐந்து மாநிலங்களில் இருந்த 51 மையங்களையும் மூடப்போவதாக அறிவித்தது. காப்பீட்டிலிருந்து வரும் பணம் பத்தவில்லை, நடத்தும் செலவு ஏறுகிறது, கட்டுப்படியாகவில்லை என்பதுதான் அவர்கள் சொன்ன காரணம். வால்கிரீன்ஸ் 2021-இல் 520 கோடி டாலர் போட்டு ஒரு கிளினிக் குழுமத்தில் பெரும்பங்கை வாங்கியது. மூன்றே வருஷத்தில் அந்த முதலீட்டின் மதிப்பைப் பெரும் நஷ்டமாகக் கணக்கெழுத வேண்டி வந்தது.

உலகத்தின் மிகப் பெரிய கடைக்காரனுக்கே கட்டுப்படியாகாத தொழில், பத்துக்குப் பத்து இடத்தில் நடக்கும் நம்ம ஊர் மெடிக்கலுக்கு மட்டும் எப்படிக் கட்டுப்படியாகிறது?

கம்பவுண்டர் போய் மெடிக்கல் வந்தது

அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். அறுபது வயதைத் தாண்டியவர்களைக் கேட்டுப் பாருங்க. அப்போது டாக்டர் வீட்டிலோ டிஸ்பென்சரியிலோ ஒரு சன்னல் இருக்கும். சன்னலுக்குப் பின்னால் கம்பவுண்டர். வீட்டிலிருந்து பாட்டில் கொண்டு போனால் சிவப்பாக ஒரு மிக்ஸ்சர் ஊற்றி, எவ்வளவு குடிக்க வேண்டும் என்று காகிதத்தைப் பல்பல்லாக வெட்டி ஒட்டிக் கொடுப்பார். டாக்டருக்கும் மருந்துக்கும் சேர்த்து ஒரே காசு. அதாவது, டாக்டருக்குள் மருந்துக்கடை இருந்தது.

மருந்துகள் கம்பெனி அட்டைகளில் வர ஆரம்பித்ததும் கம்பவுண்டருக்கு வேலை இல்லாமல் போனது. சட்டமும் வந்தது. 1940-ஆம் ஆண்டின் மருந்துகள் சட்டம், 1948-ஆம் ஆண்டின் மருந்தியல் சட்டம் இரண்டும் சேர்ந்து, மருந்து விற்க உரிமம் வேண்டும், பதிவு பெற்ற மருந்தாளுநர் இருக்க வேண்டும் என்று ஆக்கின. சில்லறை மருந்துக்கடை உரிமத்துக்குக் குறைந்தது 10 சதுர மீட்டர் இடம் போதும். டாக்டர் தன் சொந்த நோயாளிக்கு மருந்து கொடுக்கத் தடை இல்லை. ஆனால் கடையைத் திறந்து வைத்து மற்ற டாக்டர்களின் சீட்டுக்கும் விற்கக் கூடாது என்று 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நெறி விதிகள் தெளிவாகச் சொல்கின்றன. மருந்து எழுதுவதற்குக் கமிஷன் வாங்கவும் கூடாது.

டாக்டர் கடை வைக்கக் கூடாது என்றது விதி. கடை டாக்டரை வைத்துக்கொள்வது பற்றி அதே அழுத்தத்தோடு யாரும் யோசிக்கவில்லை. ஒரு தலைமுறைக்குள் படம் தலைகீழாகிவிட்டது. டாக்டருக்குள் மருந்துக்கடை இருந்த இடத்தில் மருந்துக்கடைக்குள் டாக்டர்.

யாருக்கு இது தேவைப்படுகிறது

இதை ஏமாற்று வேலை என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. மாட்டுத்தாவணி காய்கறி மார்க்கெட்டில் மூட்டை இறக்குகிறவர் ராத்திரி முழுக்க வேலை பார்த்துவிட்டுக் காலையில் தூங்குகிறவர். அரசு மருத்துவமனையின் ஓ.பி. நேரம் அவர் தூங்கும் நேரம். கீழவாசலில் ஜவுளிக் கடையில் நிற்கிற பெண்ணுக்குக் காலை ஓ.பி.க்குப் போனால் அரைநாள் சம்பளம் போச்சு. பெரியாஸ்பத்திரியில் நல்ல டாக்டர்கள் இருக்கிறார்கள், வைத்தியம் இலவசம். ஆனால் போய் வர ஒரு நாள் ஆகிறது. நாள் கூலிக்காரருக்கு அந்த இலவசத்தின் விலை ஒரு நாள் கூலி.

மெடிக்கல் டாக்டர் அந்த விலையைக் கேட்பதில்லை. வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில் இருக்கிறார்.

"ஏண்ணே, டாக்டர் வந்துட்டாரா?"

"வந்துட்டாருக்கா, உள்ள உக்காருங்க. நாலு பேருதான்."

இந்த இரண்டு வரிக்குள் இருக்கிற வசதியை எந்த அரசுத் திட்டமும் இன்னும் முழுசாகத் தந்துவிடவில்லை. கடைக்காரருக்கு அந்தம்மாவைத் தெரியும், போன மாதம் யாருக்குக் காய்ச்சல் என்பதும் தெரியும். நூறு ரூபாய் குறைந்தால் நாளைக்குக் கொடுங்க என்பார். வால்மார்ட்டால் 51 மையங்களிலும் உண்டாக்க முடியாத உறவு அது.

கணக்கு

இப்போது காசுக் கோட்டைப் போடுவோம். புரிவதற்காக நானே வைத்துக்கொள்ளும் எண்கள் இவை.

ஒரு சாயங்காலத்தில் 30 பேர் டாக்டரைப் பார்க்கிறார்கள். ஆளுக்கு 300 ரூபாய்க்கு மருந்து வாங்கினால் கல்லாவில் 9,000 ரூபாய். விலைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள மருந்துகளுக்கு உச்ச விலை கணக்கிடும்போது சில்லறைக் கடைக்கு 16 சதவீத லாபம் சேர்த்துத்தான் நிர்ணயிக்கிறார்கள். எல்லாம் அந்தப் பட்டியல் மருந்தாகவே இருந்தால் கடைக்கு நிற்பது சுமார் 1,240 ரூபாய். பட்டியலுக்கு வெளியே உள்ளவற்றில் இன்னும் கொஞ்சம் கூடும். கம்பெனிப் பிரதிநிதி வந்து டாக்டரிடம் விளம்பரம் செய்யாமல் மொத்த வியாபாரி மூலம் நேராகக் கடைக்கு வருகிற ஜெனரிக் மருந்துகள் இருக்கின்றன. அவற்றில் அட்டையில் அச்சிட்ட விலைக்கும் கடை வாங்கிய விலைக்கும் நடுவே பல மடங்கு இடைவெளி இருக்கலாம். அறைக்கு வாடகை வாங்காமல் விட்டாலும் கடைக்குக் கட்டுப்படியாவது இதனால்தான். சில இடத்தில் டாக்டர் ஃபீஸே பெயருக்குத்தான் இருக்கும்.

இப்போது அதே 30 பேரில் 20 பேருக்கு டாக்டர், "வைரஸ் காய்ச்சல்தான். நல்லா தண்ணி குடிங்க, ரெண்டு நாள் பாருங்க, குறையலேன்னா வாங்க" என்று சொல்லி, ஒரு அட்டை பாரசிட்டமாலோடு அனுப்பினால் என்ன ஆகும்? அந்த 20 பேருக்கும் அதுதான் சரியான வைத்தியமாக இருக்கலாம். ஆனால் அந்த அறை இரண்டு மாதம் கூடத் தாங்காது. 'ரெண்டு நாள் பாருங்க' என்ற அறிவுரைக்கு அட்டையில் அச்சிட்ட விலை கிடையாது.

என் குற்றச்சாட்டு இவ்வளவுதான். கெட்ட டாக்டர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. பகலில் வேறு ஆஸ்பத்திரியில் டியூட்டி பார்த்துவிட்டு சாயங்காலம் வரும் இளம் டாக்டர்கள் நிறைய பேர், கடன் வாங்கிப் படித்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் நல்ல மனசு இருந்தும், மருந்தில்லாமல் முடிகிற சந்திப்பை அந்த அறையின் பொருளாதாரம் தண்டிக்கிறது. ஆன்டிபயாட்டிக் ஒன்று, வயிற்றுக்கு ஒன்று, சத்துக்கு ஒன்று, கூடவே ஒரு ஊசி. ஊசி போடாமல் அனுப்பினால் 'என்ன டாக்டர் இவரு' என்று சொல்கிற நம்ம பழக்கமும் இதற்கு ஒத்து ஊதுகிறது.

தேசிய சுகாதாரக் கணக்கு 2021-22-இன்படி இந்தியாவின் மொத்த மருத்துவச் செலவில் 39.4 சதவீதத்தை மக்கள் நேரடியாகத் தங்கள் பையிலிருந்து கொடுக்கிறார்கள். 2013-14-இல் இது 64.2 சதவீதம். குறைந்திருப்பது நல்ல சேதி. ஆனால் மிச்சமிருப்பதில் பெரிய பங்கு ஆஸ்பத்திரிப் படுக்கைக்குப் போவதில்லை, மருந்துக்குப் போகிறது.

தகவல் கோடும் இதே அளவுக்கு மோசம். என் அப்பா வைத்திருக்கும் மஞ்சள் பையில் சீட்டுகள் மட்டும் ஒரு கட்டு. ஒரு முறை உட்கார்ந்து பிரித்தேன். ஒரே வாரத்தில் இரண்டு கடைகளில் இரண்டு டாக்டர்கள் எழுதியது. ஒன்றில் பாரசிட்டமால் தனி மாத்திரையாக, மற்றொன்றில் அதே பாரசிட்டமால் வலிக்கான கூட்டு மாத்திரைக்குள் வேறு பிராண்டு பெயரில். இரண்டையும் அவர் ஒழுங்காக நேரம் தவறாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இரண்டு டாக்டர்களும் தவறாக எழுதவில்லை. ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரிய வழி இல்லை, அவ்வளவுதான். எங்கள் தொழிலில் லாக் இல்லாத அமைப்பு என்போம்: ஒவ்வொரு முறையும் எல்லாம் முதலிலிருந்து.

மெக்சிகோவில் நடந்தது

இனி எங்கே போகும் என்று தெரிய வேண்டுமானால் அமெரிக்காவைப் பார்ப்பதைவிட மெக்சிகோவைப் பார்ப்பது மேல். அங்கே 1997-இல் 'ஃபார்மசியாஸ் சிமிலாரெஸ்' என்ற மலிவு மருந்துக்கடைச் சங்கிலி தொடங்கியது. கடை வாசலில் வெள்ளைக் கோட்டும் மீசையுமாக ஒரு பொம்மை டாக்டர் வேஷம் ஆடிக்கொண்டிருக்கும். கடையை ஒட்டிய அறையில் நிஜ டாக்டர், மிகக் குறைந்த ஃபீஸில்.

2010 ஆகஸ்டில் மெக்சிகோ அரசு, சீட்டு இல்லாமல் ஆன்டிபயாட்டிக் விற்கக் கூடாது என்ற விதியைக் கண்டிப்பாக நடைமுறைப்படுத்தியது. நோக்கம் சரியானது. விளைவு என்ன? விற்பனை குறையாமலிருக்கக் கடைகள் சீட்டுக்கு வழி பார்த்தன. கடையை ஒட்டிய டாக்டர் அறைகள் சில வருஷங்களில் பல மடங்காகப் பெருகின. ஏழைகளும் காப்பீடு உள்ளவர்களும் கூட, அரசு மருத்துவமனை வரிசைக்குப் பயந்து அங்கே போனார்கள். அங்கே வேலை பார்க்கும் டாக்டர்களுக்குச் சம்பளம் குறைவு, மருந்து எழுதச் சொல்லி நெருக்கடியும் உண்டு என்று மெக்சிகோ ஆய்வாளர்களே எழுதியிருக்கிறார்கள்.

நமக்கு இது ஏன் முக்கியம்? இந்தியாவில் முக்கியமான ஆன்டிபயாட்டிக்குகளை 'எச்-1' அட்டவணையில் சேர்த்து, சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது, விற்றதைத் தனிப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்ற விதி 2014 மார்ச்சில் அமலுக்கு வந்தது. பக்கத்து மாநிலமான கேரளம் 2024-இல் 'ஆபரேஷன் அம்ரித்' என்ற பெயரில் கடைகளைச் சோதனை போட ஆரம்பித்தது. தமிழ்நாட்டிலும் இதைக் கண்டிப்பாக்க வேண்டும். அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் அதை மட்டும் செய்தால், இன்று டாக்டர் இல்லாத மெடிக்கலும் நாளைக்கு ஒரு டாக்டரைப் பிடித்து உட்கார வைக்கும். சீட்டு என்பது தடுப்பாக இருக்காமல் சம்பிரதாயமாகிவிடும்.

போனில் இது ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது. மருந்து ஆர்டர் செய்யும் செயலிகளில், சீட்டு இல்லை என்று சொன்னால் 'கவலை வேண்டாம், எங்கள் டாக்டர் இலவசமாக அழைப்பார்' என்று வரும். கூடையில் மருந்தைப் போட்ட பிறகு டாக்டர் வருகிறார். நோய் என்ன என்பதற்கு முன்னாலேயே பதில் கூடைக்குள் இருக்கிறது. 2020 மார்ச்சில் வந்த தொலைமருத்துவ வழிகாட்டுதல்கள் இதற்காக எழுதப்பட்டவை அல்ல. மென்பொருள் எழுதுகிறவனாகச் சொல்கிறேன்: அந்தத் திரையில் டாக்டர் பணம் கட்டும் பக்கத்துக்கு முந்தைய ஒரு படி, அவ்வளவுதான். திரைக்குப் பின்னால் இருக்கிற பச்சைத் திரை அறை.

மதுரையிலேயே ஒரு மாற்று

கடையும் வைத்தியமும் ஒரே கூரைக்குக் கீழே இருப்பதுதான் தப்பா? இல்லை என்பதற்கு மதுரையிலேயே சாட்சி இருக்கிறது. டாக்டர் கோவிந்தப்ப வேங்கடசாமி 1976-இல் அண்ணா நகரில் 11 படுக்கையோடு ஆரம்பித்த அரவிந்த் கண் மருத்துவமனை, 2000-களின் தொடக்கத்திலிருந்து சிறு ஊர்களில் 'பார்வை மையம்' வைக்க ஆரம்பித்தது. இன்று நூற்றுக்கும் மேல் இருக்கின்றன. ஒரு சின்ன வாடகைக் கட்டடம். அரவிந்திலேயே இரண்டு வருஷம் பயிற்சி பெற்ற, பெரும்பாலும் கிராமத்துப் பெண்கள் கண்ணைச் சோதிக்கிறார்கள். படத்தையும் விவரத்தையும் பெரிய மருத்துவமனையில் இருக்கும் டாக்டருக்கு அனுப்ப, அவர் வீடியோவில் பேசி முடிவு சொல்கிறார். 2006 வாக்கில் தேனி மருத்துவமனையைச் சுற்றியிருந்த ஐந்து மையங்களை நீண்ட தூர வைஃபை மூலம் இணைத்த வேலையில் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகமும் இன்டெல்லும் சேர்ந்திருந்தன. சாதாரண வைஃபை கருவிகளை மாற்றியமைத்துக் கிலோமீட்டர் கணக்கில் படத்தை அனுப்பிய அந்த வேலை என் மாதிரி ஆட்களுக்கு இன்னும் பாடம்.

கவனியுங்க, அங்கேயும் ஒரு விற்பனை நடக்கிறது. கண்ணாடி. பவர் பார்த்த இடத்திலேயே ஃபிரேம் தேர்ந்தெடுத்து வாங்கிக்கொள்ளலாம். அப்போ மெடிக்கலுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று நியாயமாகக் கேட்கலாம்.

மூன்று வித்தியாசம். ஒன்று, கண்ணைச் சோதிப்பவர் ஒருவர், முடிவு சொல்பவர் வேறு ஊரில் இருக்கும் இன்னொருவர். அரவிந்தில் டாக்டர்கள் முழுநேரச் சம்பளக்காரர்கள். இரண்டு, பதிவு நிற்கிறது. அடுத்த முறை வந்தால் போன முறை என்ன பவர் என்று அங்கேயே இருக்கும். மூன்று, தேவையில்லாத கண்ணாடியை விற்றால் அதன் கெட்ட பெயர் நேராகத் தாய் மருத்துவமனைக்கு வந்து சேரும். தவறின் செலவு விற்றவர் தலையிலேயே விழுகிறது. மெடிக்கல் அறையில் தவறின் செலவு நோயாளியின் குடலிலும், பத்து வருஷம் கழித்து வேலை செய்யாமல் போகும் ஆன்டிபயாட்டிக்கிலும் விழுகிறது. அதற்குக் கடையிடம் யாரும் ரசீது கேட்க முடியாது.

கண்ணுக்குச் சரி, காய்ச்சலுக்கு இது பொருந்துமா என்றால், அப்படியே பொருந்தாது. கண்ணில் பார்க்க வேண்டிய விஷயங்கள் குறைவு, படமாக எடுக்க முடியும். காய்ச்சலில் வயிற்றைத் தொட்டுப் பார்க்க வேண்டும். ஆனாலும் ஒரு பாடம் பொருந்தும். சுவர் ஒன்றாக இருக்கலாம். கல்லா ஒன்றாக இருக்கக் கூடாது.

அரசு கையில் இருக்கும் இரண்டு பாதி

அரசு இதை முயலவே இல்லை என்று சொல்ல முடியாது. 2020 டிசம்பரில் 2,000 அம்மா மினி கிளினிக்குகள் அறிவிக்கப்பட்டன. மாலையிலும் திறந்தவை. ஓராண்டுக்கான தற்காலிக ஏற்பாடு என்று சொல்லி 2022 ஜனவரியில் ஆட்சி மாறிய பிறகு முடிக்கப்பட்டன. அடுத்து 708 நகர்ப்புற நலவாழ்வு மையங்கள் என்று திட்டமிட்டு, அதில் 500-ஐ 2023 ஜூன் 6 அன்று திறந்தார்கள். காலை 8 முதல் 12, மாலை 4 முதல் 8; ஒரு டாக்டர், ஒரு நர்ஸ், ஒரு சுகாதார ஆய்வாளர், ஒரு உதவியாளர். மாலை நேரம் என்பது சின்ன விஷயமாகத் தெரியலாம். மெடிக்கல் டாக்டரின் மொத்த வியாபாரமும் அந்த நேரத்தில்தான் இருக்கிறது என்பதை அரசு புரிந்துகொண்டதன் அடையாளம் அது. பெயர் மாறினாலும் ஆட்சி மாறினாலும் அந்த யோசனை தொடர வேண்டும். ஒவ்வொரு முறையும் பலகையைக் கழற்றி மாட்டினால் ஜனங்களுக்கு எந்தக் கதவு திறந்திருக்கிறது என்ற நம்பிக்கையே வராது. மெடிக்கல் பலகை இருபது வருஷமாக அதே இடத்தில் தொங்குகிறது.

இன்னொரு பாதி மருந்து. 2014-இல் கூட்டுறவு மூலம் அம்மா மருந்தகங்கள் வந்தன. 2025 பிப்ரவரி 24 அன்று 1,000 முதல்வர் மருந்தகங்கள் திறக்கப்பட்டன. பாதி கூட்டுறவுச் சங்கங்கள், பாதி தனித் தொழில்முனைவோர். ஜெனரிக் மருந்து குறைந்த விலையில். நல்ல திட்டம். ஆனால் டாக்டர் பிராண்டு பெயரில் எழுதிக் கொடுத்தால் நோயாளி அந்தப் பெயரைத் தேடித்தான் போவார். ஜெனரிக் பெயரில்தான் எழுத வேண்டும் என்று 2023 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம் போட்ட விதி அதே மாதத்திலேயே நிறுத்தி வைக்கப்பட்டது. விதி வந்தாலும், அறை கடைக்குள் இருக்கும்வரை எந்தக் கம்பெனி அட்டையை எடுத்துக் கொடுப்பது என்பதைக் கடைதான் முடிவு செய்யும். அதிக லாபம் தரும் அட்டைக்குத்தான் கை முதலில் போகும்.

இந்த இரண்டு பாதிகளும் தனித்தனியாக இருப்பதுதான் குறை. மாலை டாக்டர் ஒரு தெருவில், மலிவு மருந்து இன்னொரு தெருவில். மெடிக்கலின் பலமே இரண்டும் ஒரே இடத்தில் இருப்பது. நலவாழ்வு மையத்தில் தருகிற இலவச மருந்து தீர்ந்துபோனாலோ, அங்கே இல்லாத மருந்து தேவைப்பட்டாலோ, அடுத்த கதவிலேயே முதல்வர் மருந்தகம் இருக்க வேண்டும். டாக்டர் சம்பளம் அரசிடமிருந்து, மருந்தகத்தின் லாபம் அதன் சொந்தக் கணக்கில். மூட்டை இறக்குகிறவர் வேலைக்குக் கிளம்பும் நேரத்தையும், ஜவுளிக்கடை ஷட்டர் இறங்கும் நேரத்தையும் பார்த்து மணியை 8-லிருந்து 10-க்குத் தள்ள வேண்டும். இது நடந்தால் மெடிக்கல் அறைக்குப் போட்டி வரும். போட்டி இல்லாமல் வெறும் சோதனையும் அபராதமும் வந்தால் மெக்சிகோதான்.

தனியார் அறைகளை மூட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. மூடினால் நாளைக்குச் சாயங்காலம் அந்தம்மா எங்கே போவார்? ஆனால் 1997-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் கையில் இருக்கிறது; கிளினிக் என்றால் பதிவு வேண்டும். அந்தப் பதிவில் ஒரு வரி கூடுதலாகக் கேட்கலாம்: இந்த அறையின் வாடகையையும் டாக்டரின் வருமானத்தையும் யார் தருகிறார்கள்? பதிலை வாசல் பலகையில், பார்க்கும் நேரத்துக்குக் கீழேயே எழுதச் சொல்லலாம்.

அதுவரை நாம் செய்யக்கூடியது கொஞ்சம் உண்டு. சீட்டை வாங்கிக் கையில் வைத்துக்கொள்ளுங்க. கடையிலேயே விட்டுவிட்டு வராதீங்க, வேறு எந்தக் கடையிலும் வாங்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களின் சீட்டுகளைத் தேதிவாரியாக ஒரே நோட்டில் ஒட்டி, எந்த டாக்டரிடம் போனாலும் அதைக் கொண்டு போகச் சொல்லுங்க. நாலு மருந்து எழுதியிருந்தால், "டாக்டர், இதுல எதை விட்டாலும் பரவாயில்லை?" என்று மரியாதையாகக் கேளுங்க. பெரும்பாலான டாக்டர்கள் கோபப்பட மாட்டார்கள். அந்தக் கேள்வியை யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருக்கிறவர்களும் அவர்களுக்குள் இருப்பார்கள்.